இசைப் பட்டம் இல்லாமல் வானொலியில் பேசலாமா?

வணக்கம். சமுதாய வானொலியில் மேற்கத்திய செவ்விசை நிகழ்ச்சி நடத்தக் கூப்பிட்டும், இசை படிக்கவில்லையே என்று தயங்குகிறீர்கள். தயங்க வேண்டாம். இங்கிலாந்தின் புகழ்பெற்ற இசை விமர்சகர் நெவில் கார்டஸ் மான்செஸ்டரின் ஏழை வீட்டுப் பிள்ளை, பள்ளிப்படிப்பு சொற்பம். பொது நூலகமும் ஹாலே இசைக்குழுவின் கச்சேரிகளும்தான் அவருக்குக் கல்லூரி. 1917இல் மான்செஸ்டர் கார்டியன் நாளிதழில் சேர்ந்து, முதலில் கிரிக்கெட் எழுதித்தான் பெயர் வாங்கினார் (அந்தக் கட்டுரைகளிலும் இசைதான், படித்துப் பாருங்கள்). 1927இல் அங்கேயே தலைமை இசை விமர்சகர். 1940களில் ஆஸ்திரேலியாவில் இருந்தபோது ஏபிசி வானொலியில் வாராவாரம் இசை பற்றிப் பேசினார்.

இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாததை நேயர்களிடம் மறைக்காதீர்கள். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை மூன்று இசைக்குழு நடத்துநர்களின் பதிவுகளில் கேளுங்கள். எந்த இடத்தில் மூச்சு நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்துக்கு அது தாராளம்.