கருந்துளை பூமியை இழுத்துவிடுமா?

கேள்வி: கருந்துளை ஒன்று பூமியை விழுங்கப் போவதாக ஒரு வீடியோவில் பார்த்ததிலிருந்து, 8-ஆம் வகுப்பு படிக்கும் என் மகள் இரவில் தூங்கப் பயப்படுகிறாள். அப்படி நடக்குமா? அவளிடம் என்ன சொல்வது?
– ஒரு தாய், முட்டம்

நடக்காது அம்மா, தைரியமாகச் சொல்லுங்கள். ஆனால் இந்த வயதுப் பிள்ளைக்குக் காரணமும் சொல்ல வேண்டும்.

சூரியனைவிடச் சுமார் 20 மடங்குக்கு மேல் நிறையுள்ள நட்சத்திரங்கள் எரிபொருள் தீர்ந்ததும் தம் எடையைத் தாமே தாங்க முடியாமல் உள்ளே நொறுங்கும். கருந்துளைகள் பெரும்பாலும் அப்படித்தான் பிறக்கின்றன. நம் சூரியனுக்கு அந்தப் பாரம் இல்லை.

கருந்துளை எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும் என்று நினைப்பதால்தான் இந்தப் பயம். அது உறிஞ்சாது. ஈர்ப்பைத் தீர்மானிப்பவை நிறையும் தூரமும்தான். சூரியன் இருக்கும் இடத்தில் அதே நிறையில் ஒரு கருந்துளை இருந்தால், அதன் குறுக்களவு சுமார் 6 கிலோமீட்டர். முட்டத்திலிருந்து குளச்சல் வரைகூட எட்டாது. பூமி இருண்டு உறைந்துபோகும், ஆனால் இதே 365 நாளில் அதைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

கடற்கரைப் பிள்ளைக்கு வேலியேற்றத்தைக் காட்டியே விளக்கலாம். பூமியைச் சூரியன் இழுக்கும் விசை, நிலா இழுப்பதைப்போல சுமார் 180 மடங்கு. ஆனாலும் வேலியேற்றத்தில் சூரியனின் பங்கு நிலாவின் பங்கில் பாதிகூட இல்லை. பூமியின் இரு பக்கங்களிலும் இழுவை வித்தியாசப்படுவதால்தான் கடல் ஏறுகிறது. தூரம் இரு மடங்கானால் அந்த வித்தியாசம் எட்டில் ஒன்றாகிவிடும். கருந்துளை கோள்களைப் பிய்த்துவிடும் என்கிறார்களே, அதைச் செய்வதும் இதே வித்தியாசம்தான். அதற்குக் கோள் மிக மிக அருகில் போக வேண்டும்.

2022-இல் அறிவிக்கப்பட்ட கையா பிஎச்1 கருந்துளை நம்மிடமிருந்து சுமார் 1,560 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரம் அதைச் சுமார் 186 நாளுக்கு ஒருமுறை சுற்றிவருகிறது. நமக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகத் தூரத்தில்! இன்னும் விழுங்கப்படவில்லை. மகளிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

வழிதவறி ஒன்று வந்தால்? கேட்பாள். வெளிக்கோள்களின் பாதை பிசகுவதே காட்டிக்கொடுத்துவிடும். யுரேனஸின் பிசகை வைத்துத்தான் 1846-இல் நெப்டியூனையே கண்டுபிடித்தார்கள்.

பங்குனியில் ஒருநாள் விடியற்காலை 5 மணிக்கு அவளை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய்த் தெற்கே கடலுக்கு மேல் பார்க்கச் சொல்லுங்கள். மூலத்துக்கும் பூராடத்துக்கும் நடுவே, சுமார் 26,000 ஒளியாண்டுக்கு அப்பால், 40 லட்சம் சூரியன்களின் நிறையோடு நம் பால்வீதியின் நடுக் கருந்துளை இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. அந்தத் திசையை அவளே விரல் நீட்டிக் காட்டட்டும்.