ஆறு சுருள்களும் எந்த முனையை உள்ளே காட்ட வேண்டும்?

கேள்வி: ஒரு கனசதுரத்தின் ஆறு பக்கங்களிலும் ஒவ்வொரு கம்பிச்சுருளைப் பொருத்தி, நடுவில் பிளாஸ்மாவை (எலக்ட்ரான்களும் நேர்மின்னேற்ற அயனிகளும் கலந்த வாயுவை) நிறுத்திவைக்கும் ‘பாலிவெல்’ கருவியின் சிறு மாதிரி ஒன்றை அமைத்துவருகிறோம். எல்லாச் சுருள்களின் வடமுனையும் உள்நோக்கியே இருக்க வேண்டும் என்கிறார்கள். உள்ளே நுழைய மட்டுமே செய்யும் காந்தப்புலம் இயற்கையில் இல்லையே? வடமுனை, தென்முனை என்று மாற்றி மாற்றி வைத்தால் என்ன? இணைப்பு சரியாக இருக்கிறதா என்பதை எப்படி அறிவது?

பதில்: உங்கள் ஐயம் மிகச் சரியான இடத்தில் எழுந்திருக்கிறது. ஒரு மூடிய பரப்புக்குள் எவ்வளவு காந்தப்பாயம் (பரப்பைக் கடக்கும் காந்தப்புலத்தின் மொத்த அளவு) நுழைகிறதோ அவ்வளவும் வெளியேறியே ஆக வேண்டும். இக்கருவியில் ஆறு சுருள்களின் வாய்கள் வழியாக நுழையும் புலக்கோடுகள், நடுவில் ஒன்றையொன்று தள்ளி வளைந்து, சுருள்களுக்கு இடையிலுள்ள இடுக்குகள் வழியாகவும் எட்டு மூலைகள் வழியாகவும் வெளியேறுகின்றன. அதனால் மையத்தில் புலம் சுழியாகிறது; எத்திசையில் விலகினாலும் வலுக்கிறது. புலக்கோடுகள் பிளாஸ்மாவை நோக்கிப் புடைத்திருக்கும் இந்த அமைப்பில் பிளாஸ்மா நெளிந்து பிதுங்கி வெளியேறுவதில்லை. இக்கருவியை முன்மொழிந்த அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் புசார்ட் இந்த வடிவத்தைத் தேர்ந்ததற்கு அதுவே முக்கியக் காரணம். எல்லாத் தென்முனைகளும் உள்நோக்கி இருந்தாலும் இதே பயன்தான்; ஆறும் ஒன்றுபோல இருப்பதே தேவை.

மாற்றி மாற்றி வைப்பது கனசதுரத்தில் இயலவே இயலாது. ஒவ்வொரு மூலையிலும் மூன்று பக்கங்கள் சந்திக்கின்றன. முனைகளோ இரண்டே வகை. ஆகவே எங்காவது இரண்டு அண்டைப் பக்கங்கள் ஒரே முனையைக் காட்டித்தான் தீரும், சமச்சீர் குலையும்.

மின்னோட்டத்தின் திசையை எப்போதும் கருவிக்கு வெளியே, அந்தந்தச் சுருளுக்கு நேர் எதிரே நின்று பார்த்துக் குறியுங்கள். ஆறிலும் அது கடிகார முள்ளின் திசையில் சுற்றினால் ஆறு வடமுனைகளும் உள்நோக்கி இருக்கும். ஒரே இடத்தில் நின்றபடி எதிரெதிர்ச் சுருள்கள் இரண்டையும் பார்த்துக் குறிப்பதுதான் பெரும்பாலான பிழைகளுக்கு வேர். அப்படிப் பார்த்தால் சரியான இணைப்பில் ஒன்று வலமாகவும் மற்றது இடமாகவும் சுற்றுவதாகத் தோன்றும். ஆறையும் தொடரிணைப்பில் சேர்த்துவிட்டால் மின்னோட்டம் எல்லாவற்றிலும் சமமாகவே இருக்கும்.

சோதிப்பதற்கு, 10 செ.மீ. ஆரமும் 100 சுற்றுகளும் கொண்ட சுருள்கள் மையத்திலிருந்து 12 செ.மீ. தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். 1 ஆம்பியர் செலுத்தி, மையத்தில் ஒரு திசைகாட்டியை வையுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் சுருள்களின் புலங்கள் ஒன்றையொன்று நீக்கிக்கொள்வதால், ஊசி பூமியின் வடக்கையே காட்டும். ஒரு சுருள் மட்டும் திரும்பியிருந்தால், அதன் அச்சில் சுமார் 0.33 மில்லிடெஸ்லா புலம் எஞ்சும். இது பூமியின் புலத்தைவிடப் பல மடங்கு பெரிது என்பதால், அந்த அச்சு கிடைமட்டமாக இருந்தால் ஊசி அதை நோக்கித் திரும்பிவிடும். அந்நிலையில், மற்ற ஐந்தின் வழியே நுழைந்த புலக்கோடுகளுக்கு அச்சுருளின் அகன்ற வாயே வெளிவாயிலாகிவிடும். எலக்ட்ரான்களும் அவ்வழியே தப்பிவிடும்.

ஆனால் இந்தச் சோதனையை மட்டும் நம்பிவிடாதீர்கள். எதிரெதிரான இரண்டு சுருள்களும் சேர்ந்தே திரும்பியிருந்தால் மையத்தில் புலம் அப்போதும் சுழிதான். ஊசி குறை சொல்லாது. வேறுபாடு மையத்தை விட்டு விலகும்போதுதான் தெரியும். சரியான அமைப்பில் மையத்தருகே புலம் தொலைவின் மும்மடிக்கு (மூன்றாம் அடுக்குக்கு) ஏற்பக் கூடுவதால் நடுப்பகுதி ஏறத்தாழப் புலமின்றி அகன்று கிடக்கும். ஒரு சோடி திரும்பியிருந்தாலோ புலம் தொலைவுக்கு நேர்விகிதத்தில் உடனே ஏறத் தொடங்கும். கருவி வேறொரு கருவியாகவே ஆகிவிடும். எனவே மையத்தில் பார்ப்பதற்கு முன்பே, ஒவ்வொரு சுருளாக மின்னோட்டம் கொடுத்து, உட்பக்கத்தில் ஊசியின் எந்த முனை ஈர்க்கப்படுகிறது என்று தனித்தனியே பார்த்துக்கொள்ளுங்கள். ஊசியின் தென்முனை ஈர்க்கப்பட்டால் சுருளின் வடமுனை உள்நோக்கியிருக்கிறது என்று பொருள்.

முனைகள் சரியான பின்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதே சுருளில் மட்டும் 10 ஆம்பியர் பாயும்போது அதன் வாயின் நடுவே சுமார் 6.3 மில்லிடெஸ்லா கிடைக்கும். அப்புலத்தில் 100 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான் சுமார் 5 மி.மீ. ஆரத்தில் சுழலும், அதே ஆற்றலுள்ள புரோட்டானுக்கோ அந்த ஆரம் சுமார் 23 செ.மீ., அதாவது கருவியையே மீறிய அளவு. ஆகவே காந்தப்புலம் பிடித்துவைப்பது எலக்ட்ரான்களை மட்டுமே. அயனிகளை அந்த எலக்ட்ரான்களின் எதிர்மின்னேற்றம்தான் இழுத்து நிறுத்த வேண்டும். எலக்ட்ரான்கள் உலோகத்தில் மோதி வீணாகாமல் இருக்க, அண்டைச் சுருள்கள் ஒன்றையொன்று தொடாமல் எலக்ட்ரான்களின் சுழல் ஆரத்தைப்போல் சில மடங்கு இடைவெளி இருப்பது அவசியம். புசார்டின் குழு 2005-இல் சோதித்த கருவியில் சுருள்களைப் பிரித்து வைத்தது இதற்காகவே. மேற்சொன்ன அளவுகளில் கம்பிகளின் நடுக்கோடுகளுக்கிடையே சுமார் 2.8 செ.மீ. கிடைக்கிறது, சுருளின் தடிமன் அதில் எவ்வளவை விழுங்குகிறது என்று பாருங்கள். சட்டத்தின் தாங்கிகளையும் அந்த இடுக்குகளின் நடுவே வைக்காதீர்கள்.