சால்வா, ரிசால்வா, ஹேண்டிலா? ஆங்கில வினைச்சொல் கேள்வி பதில்

கேள்வி: சார், சால்வுக்கும் ரிசால்வுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டுக்கும் 'தீர்ப்பது' என்றுதானே அகராதி சொல்கிறது?

பதில்: விடை கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் என்றால் சால்வ்: கணக்கு, புதிர், கொலை வழக்கு. இழுபறியாகக் கிடப்பதை ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தால் ரிசால்வ்: தகராறு, புகார், கருத்து வேறுபாடு. 'ப்ராப்ளம்' என்ற சொல்லுடன் இரண்டும் வரும். 'டிஸ்ப்யூட்' (தகராறு) உடன் சால்வ் போட்டால் காதில் இடறும்.

கேள்வி: ஐடியில் இருக்கிறேன். கிளையன்டுக்கு 'வீ ஆர் அட்ரெஸ்ஸிங் தி இஷ்யூ' என்று எழுதினேன். மேனேஜர் 'ரிசால்வ்ட்' என்று மாற்றச் சொல்கிறார். எது சரி?

பதில்: முதலில், வேலை முடிந்ததா? அதைச் சொல்லவில்லையே! அட்ரெஸ் என்றால் பிரச்சினையைக் கையில் எடுத்திருக்கிறோம், அவ்வளவுதான்; முடியும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை. அரசியல்வாதிகளுக்கு அந்தச் சொல் மேல் அத்தனை பிரியம் இருப்பது சும்மா இல்லை. காரணத்தையே இன்னும் தேடுகிறீர்கள் என்றால் 'இன்வெஸ்டிகேட்டிங்'. சர்வரை ரீஸ்டார்ட் செய்து பாதிப்பைக் குறைத்துவிட்டீர்கள், ஆனால் மூலகாரணம் பிடிபடவில்லை என்றால் 'மிட்டிகேட்டட்'. பிழையைக் கண்டுபிடித்து ப்ரோக்ராம் கோடில் சரிசெய்த பிறகுதான் 'ஃபிக்ஸ்ட்'. பல டீம்களில் ரிசால்வ்ட், க்ளோஸ்ட் என்று இரண்டு நிலைகள் தனித்தனியாக இருக்கும்: சரிசெய்தவர் முதலாவதைப் போடுவார், புகார் கொடுத்தவர் சோதித்துப் பார்த்து ஒப்புக்கொண்டால் இரண்டாவது. இன்று ரிசால்வ்ட் என்று எழுதிவிட்டு நாளைக்கு சர்வர் மறுபடி படுத்தால், மாட்டிக்கொள்வது மேனேஜர் இல்லை, நீங்கள்தான்.

கேள்வி: இன்டர்வியூவில் 'ஐ சால்வ்ட் அ டிஃபிகல்ட் கஸ்டமர்' என்று சொல்லலாமா?

பதில்: வேண்டாம், ஆளை சால்வ் பண்ண முடியாது. ஆளுக்கு 'டீல்ட் வித்' அல்லது 'ஹேண்டில்ட்'. ஹேண்டிலில் பதறாமல் சமாளித்தோம் என்ற தொனி கூடுதலாக உண்டு, இன்டர்வியூவுக்கு அதுவே நல்லது.

கேள்வி: அண்ணா, நான் நர்ஸ். ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) தேர்வுக்குப் படிக்கிறேன். ட்ரீட், க்யூர் குழப்புகிறது.

பதில்: சிகிச்சை கொடுப்பது ட்ரீட், நோயே இல்லாமல் போவது க்யூர். நோயாளியை வேறொருவரின் கவனிப்புக்கு அனுப்பும்போது எழுதும் ரெஃபரல் லெட்டரில் உங்களுக்கு அதிகம் தேவைப்படுவது ட்ரீட்தான்: 'ட்ரீட்டட் ஃபார் நிமோனியா வித் ஆன்டிபயாடிக்ஸ்'. நோய்க்கு ஃபார், மருந்துக்கு வித். சர்க்கரை, ரத்த அழுத்தம் மாதிரி கூடவே இருப்பதற்கு 'மேனேஜ்'. புண்ணும் எலும்பு முறிவும் ஆறுவது ஹீல்.

கேள்வி: 'கோப் அப் வித்' சரியா?

பதில்: 'கோப் வித்' போதும். 'கீப் அப் வித்' இருக்கிறதே என்று அந்த 'அப்' இங்கேயும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அப்புறம், கோப் என்றால் பிரச்சினை அப்படியே இருக்கிறது, நீங்கள் தாக்குப்பிடிக்கிறீர்கள். கடந்து வந்துவிட்டால் 'ஓவர்கம்'.

கேள்வி: 'ஐ ஆம் ஃபேசிங் அன் இஷ்யூ' தப்பு என்கிறார்களே?

பதில்: தப்பில்லை. பிரிட்டன், அமெரிக்காவில் 'ஐ ஆம் ஹேவிங் அ ப்ராப்ளம் வித்' என்பது இன்னும் இயல்பு. அந்த 'வித்'துக்குப் பிறகு எதில் பிரச்சினை என்று எழுதுங்கள். வெறும் 'ஃபேசிங் இஷ்யூ, ப்ளீஸ் ஹெல்ப்' என்று டிக்கெட் (உதவி கேட்டுப் பதிவு) போட்டால், சப்போர்ட்டில் இருப்பவர் முதலில் அதைத்தான் திருப்பிக் கேட்பார்.