இலை மட்டும் தழைக்கிறது, பூ எங்கே? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பூத்த நிலையில் வாங்கிய ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட், அந்தப் பூக்கள் உதிர்ந்த பிறகு இரண்டு ஆண்டுகளாகப் பூக்கவே இல்லை. இலைகள் கரும்பச்சையாகச் செழித்திருக்கின்றன. உரமும் தவறாமல் இடுகிறேன். உரத்தை மாற்ற வேண்டுமா?

பதில்: உரத்தின் மீது பழி போடாதீர்கள். செழிப்பின் அடையாளமாக நீங்கள் குறிப்பிடும் அந்தக் கரும்பச்சைதான் குறையைக் காட்டிக்கொடுக்கிறது. போதிய வெளிச்சம் பெறும் ஃபெலனாப்சிஸின் இலை சற்று வெளிர்ந்த பச்சையாகவே இருக்கும்; கிடைக்கும் சிறிதளவு ஒளியையும் விடாமல் பிடித்துக்கொள்வதற்காகப் பச்சையத்தைப் பெருக்கிக்கொள்ளும் செடிதான் இப்படிக் கறுத்துப்போகிறது. உயிர் வாழப் போதுமான ஒளி வேறு, பூக்கப் போதுமான ஒளி வேறு. இளங்காலை வெயில் மட்டும் விழும் கிழக்குச் சன்னலோரம் இதற்கு ஏற்றது. இலைக்கு ஓர் அடி மேலே உள்ளங்கையை விரித்துப் பாருங்கள்: நிழல் ஓரம் மங்கி விழுந்தால் வெளிச்சம் சரி, நிழலே விழாவிட்டால் போதாது, கத்தரித்தாற்போல் கூர்மையாக விழுந்தால் இலை கருகும்.

ஒளிக்கு அடுத்தது, பலரும் எண்ணிப் பார்க்காத இரவுக் குளிர்ச்சி. இரவும் பகலும் 28 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும் அறையில் இச்செடி இலையும் வேரும் விட்டுக்கொண்டே போகுமே தவிர, பொதுவாகப் பூந்தண்டு விடாது. வெப்பநிலை 25 டிகிரிக்குக் கீழே இறங்கி, பகலைவிட இரவு ஐந்தாறு டிகிரி குறைவாக இருக்கும் நிலை நான்கு முதல் ஆறு வாரங்கள் நீடித்தால் தண்டு அரும்பத் தொடங்கும். வணிகப் பண்ணைகளும் செடியை முதலில் வெப்பத்தில் வளர்த்து, பிறகு குளிர்ந்த கூடத்துக்கு மாற்றித்தான் பூக்க வைக்கின்றன. எனவே, ஆண்டின் குளிர்ந்த பருவத்தில் இரவுக் காற்று படும் இடத்துக்குத் தொட்டியை நகர்த்துங்கள். ஆனால் 15 டிகிரிக்குக் கீழே போகும் இடத்தில் நெடுநாள் விட்டுவிட வேண்டாம்.

உரத்தைப் பொறுத்தவரை, குறித்த அளவில் கால் பங்கை நீரில் கரைத்து வாரம் ஒருமுறை ஊற்றினால் போதும். தழைச்சத்து மிகுந்தால் இலைதான் பெருகும்.

கேள்வி: இலைகளுக்கு நடுவே புதிதாக ஏதோ முளைத்திருக்கிறது. அது வேரா, பூந்தண்டா?

பதில்: நுனியைப் பாருங்கள். உருண்டு பளபளப்பாக இருந்தால் வேர். சற்றே தட்டையாக, ஒருபுறம் மடிப்பு விழுந்து கூம்பியிருந்தால் தண்டு. ஐயம் தீராவிட்டால் ஒரு வாரம் பொறுங்கள். தண்டு வெளிச்சத்தை நோக்கி நிமிரும், வேர் தன் போக்கில் வளைந்து திரியும். தண்டு என்று தெரிந்த பிறகு தொட்டியை அடிக்கடி திருப்பி வைக்காதீர்கள். வெளிச்சம் வரும் திசை மாற மாறத் தண்டு கோணிக்கொள்ளும். முதல் பூ விரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம்.

கேள்வி: மொட்டுகள் மஞ்சளாகி, விரியாமலே உதிர்கின்றன. நோயா?

பதில்: பெரும்பாலும் நோயன்று, அதிர்ச்சி. இடம் மாற்றியது, குளிர்சாதனக் கருவியின் காற்று நேரே படுவது, வேர் காய்ந்துபோனது அல்லது அழுகியது ஆகியவற்றை முதலில் பாருங்கள். வேர் வெள்ளி நிறமாக வெளுத்திருக்கும்போது நீர் ஊற்றலாம். பச்சையாக இருந்தால் இன்னும் ஈரமிருக்கிறது என்று பொருள். இவை எல்லாம் சரியாக இருந்தும் உதிர்ந்தால், அருகில் பழக்கூடை இருக்கிறதா என்று பாருங்கள். பழுக்கும் ஆப்பிளும் வாழையும் வெளிவிடும் எத்திலீன் வாயு மொட்டை முதிரவிடாமல் உதிர்த்துவிடும். கூடையை வேறு அறைக்கு மாற்றுங்கள், செடியை அல்ல.