சிலந்தி மாதிரி, ஆனால் சிலந்தி இல்லை: நெடுங்காலிகள் பற்றி நீங்கள் கேட்டவை

போன மாதம் நம் தமிழ் வகுப்புப் பிள்ளைகளையும் பெற்றோரையும் தென்னாப்பிரிக்காவில், நம் நட்டால் பகுதியின் பீட்டர்மரிட்ஸ்பர்க் பக்கத்தில் உள்ள ஃபெர்ன்கிளிஃப் காட்டுக்கு அழைத்துப் போனேன். பறவை பார்க்கத்தான் போனோம். ஆனால் ஒரு சின்னப் பையன் உளுத்துப்போன கட்டையைப் புரட்டிவிட்டான். அடியில் நாலைந்து நெடுங்காலிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அதோடு பறவைகளை எல்லாரும் மறந்துவிட்டோம். அன்றைக்கு ஆரம்பித்த கேள்விகள் இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன, அதனால் ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் ஹார்வெஸ்ட்மேன் என்கிறார்கள், அறுவடைக் காலத்தில் வயலில் நிறையத் தென்படும் என்பதால். விலங்கியலில் இந்தக் கூட்டம் முழுவதற்கும் ஓப்பிலியோனெஸ் என்று பெயர். 1833-இல் சுண்டேவால் என்ற ஸ்வீடன் நாட்டுக்காரர் வைத்தது. லத்தீனில் ஓப்பிலியோ என்றால் ஆடு மேய்க்கும் இடையன். நம் வீட்டுப் பேச்சில் இதற்கென்று ஒரு சொல்லை நான் கேட்டதில்லை. வகுப்பில் நெடுங்காலி என்று சொல்லிப் பழகிவிட்டேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

கேள்வி (சாட்ஸ்வர்த்): எங்கள் கராஜ் மூலையில் நீளக் காலோடு தலைகீழாகத் தொங்குகிறதே, அதுவும் இதுவும் ஒன்றுதானா அக்கா? உலகத்திலேயே கொடிய விஷம் அதற்குத்தான், பல் சின்னது என்பதால்தான் நாம் பிழைத்தோம் என்று என் மாமனார் சொல்கிறார்.

அது வேறு, இது வேறு. உங்கள் கராஜில் இருப்பது உண்மையான சிலந்தி. வலை கட்டியிருக்கும், தொட்டால் வலையோடு சேர்ந்து கிடுகிடுவென்று ஆடும். நம் வீடுகளில் வாழும் அந்தச் சிலந்திகளில் ஒன்றுக்கு நம் ஊர்ப் பெயரே உண்டு: ஸ்மெரிங்கோபுஸ் நட்டாலென்சிஸ். அதைப் பார்த்தும் யாரும் பயப்பட வேண்டாம்.

நெடுங்காலிக்கு விஷச் சுரப்பியே கிடையாது. வலை நூற்கும் சுரப்பியும் கிடையாது. சிலந்திக்கு இடுப்பு ஒடுங்கி உடல் இரண்டு துண்டாகத் தெரியும். இதற்கு முன்பாகமும் வயிறும் அகலமாக ஒட்டி, ஒரே உருண்டையாக, ஒரு துவரம் பருப்புக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் முதுகின் முன்பக்கம் ஒரு சின்ன மேடு, அந்த மேட்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கண். இன்னொரு வித்தியாசம், சிலந்தி இரையைக் கரைத்து உறிஞ்சும், நெடுங்காலியோ சின்னச் சின்னத் துணுக்காகக் கடித்தே விழுங்கும். செத்த பூச்சி, காளான், விழுந்த பழம் எல்லாம் அதற்கு ஆகும். மாமனாருக்கு என் வணக்கத்தோடு இதைச் சொல்லுங்கள்.

கேள்வி (நார்த்டேல், 10 வயது): டீச்சர், நான் காலைப் பிடித்தேன், கழன்று வந்துவிட்டது. அந்தக் கால் தனியாகத் துடித்தது. அது செத்துப்போய்விடுமா?

செத்துப்போகாது கண்ணு. எதிரி பிடித்தால் காலை விட்டுவிட்டுத் தப்பி ஓடுவது நீளக் கால் இனங்களின் வழக்கம். கழன்ற கால் கொஞ்ச நேரம் துடிக்கும், எதிரி அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இது போய்விடும். பல்லி வாலை விடுகிற மாதிரிதான். ஆனால் பல்லிக்கு வால் திரும்ப முளைக்கும், இதற்குக் கால் திரும்ப முளைக்காது. அதிலும் இரண்டாவது ஜோடிக் கால் போனால் கஷ்டம். அந்த ஜோடிதான் எல்லாவற்றிலும் நீளம், நடப்பதற்கு இல்லை, பார்வையில்லாதவர் கைத்தடி மாதிரி முன்னால் தட்டித் தடவிப் பார்ப்பதற்கு. அதனால் இனிமேல் காலைப் பிடிக்காதே. வெறும் கையை அதற்கு முன்னால் விரித்து வை, அதுவே ஏறி வரும்.

கேள்வி (டோங்காட்): மொத்தம் எத்தனை வகை? வெப்பநாட்டு நெடுங்காலிகள் என்று தனியாகச் சொன்னீர்களே, அவை எப்படி வேறு?

உலகத்தில் இதுவரை பெயர் வைக்கப்பட்டவை 6,600-க்கும் மேல். இன்று வாழ்பவற்றை நான்கு பெரும் பிரிவாக வைக்கிறார்கள். யூப்னோய் என்பதில்தான் நீங்கள் படங்களில் பார்க்கும் நீளக் கால்காரர்கள் பெரும்பாலும் வருகிறார்கள். டிஸ்ப்னோய் பெரும்பாலும் வடக்குக் குளிர்நாடுகளில், நமக்கு அதில் வேலை இல்லை. மூன்றாவது லானியடோரெஸ். நான்காவது சைஃபோஃப்தால்மி.

லானியடோரெஸ்தான் வெப்பநாடுகளின் பெருங்கூட்டம். 4,000-க்கும் மேற்பட்ட இனங்கள், அதாவது மொத்தத்தில் பாதிக்கு மேல் இந்த ஒரே பிரிவில். பிரேசில் காடுகளில் கொட்டிக் கிடக்கின்றன. கால் அவ்வளவு நீளமாக இருக்காது. முதுகு கவசம் போட்டது போலக் கெட்டியாக இருக்கும். வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் உணர்கைகள் தடித்து, முள் முளைத்து, இரையைக் கவ்விப் பிடிக்கும். கட்டைக்கு அடியில் நாம் பார்த்தவை இந்தப் பிரிவுதான், அதில் டிரையெனோனிக்கிடே என்ற குடும்பம். அந்தப் பெயருக்குப் பொருள் என்ன தெரியுமா? திரிசூல நகம். பின்கால் நுனியில் உள்ள நகம் மூன்று கிளையாகப் பிரிந்து, நம் கோயில் சூலத்தைச் சின்னதாக்கி ஒட்டிவைத்த மாதிரி இருக்கும். பிள்ளைகளுக்கு நுண்ணோக்கியில் காட்டினேன். ஒரு பெண் பிள்ளை கண்ணை எடுக்கவே இல்லை.

கேள்வி (ஃபீனிக்ஸ்): பழைய புத்தகத்தில் ஒரு பெயர், புதியதில் வேறு பெயர். ஏன் அறிஞர்கள் பெயரை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்?

இதைக் கேட்டதற்கு நன்றி, எனக்கு மிகவும் பிடித்த கேள்வி.

ரோவர் என்று ஒரு ஜெர்மன் அறிஞர் இருந்தார், கார்ல் ஃபிரீட்ரிக் ரோவர். உலக நெடுங்காலிகள் எல்லாவற்றையும் ஒரே நூலில் அடக்கி 1923-இல் வெளியிட்டார். தனி ஆளாக ஆயிரக்கணக்கில் இனங்களுக்குப் பெயர் வைத்தவர். அந்த உழைப்பு இல்லாமல் இந்தத் துறையே இல்லை, அதை மறக்கக்கூடாது. ஆனால் அவர் பிரித்த முறையில் ஒரு சிக்கல். காலின் நுனிப்பகுதி சின்னச் சின்னக் கணுக்களாக இருக்கும். முதல் காலில் 5 கணுவா, 6 கணுவா, கண் மேட்டில் முள் ஒன்றா இரண்டா, முதுகில் எந்தக் கட்டத்தில் முள் என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, அது பொருந்தினால் ஒரு பேரினம் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதி), பொருந்தாவிட்டால் புதிய பேரினம் என்று பிரித்தார்.

ஒரு நாள் சாயங்காலம் ஒரே குப்பியில், ஒரே கட்டைக்கு அடியில் எடுத்த லானியடோரெஸ்களை வரிசையாக வைத்துக் கணு எண்ணினேன். ஒன்றுக்கு இடது காலில் ஒரு எண்ணிக்கை, வலது காலில் ஒன்று கூடுதல். திரும்ப எண்ணினேன், விளக்கை மாற்றி வைத்து எண்ணினேன், அதே கதைதான். அந்தப் பட்டியல்படி பார்த்தால் அந்தப் பிராணியின் இடப்பக்கம் ஒரு பேரினம், வலப்பக்கம் வேறு பேரினம்! இப்படித்தான் ஒரே இனத்துக்கு மூன்று நான்கு பெயர் விழுந்தது, ஒரே ஒரு இனம் மட்டும் உள்ள பேரினங்கள் குவிந்தன. பின்னால் வந்தவர்கள் அவற்றை ஒன்றுசேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். பெயர் மாறுவது எரிச்சலாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தப்பான உறவுமுறையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது அதைவிட மோசம்.

கேள்வி (அதே நண்பர்): முள்ளும் கணுவும் நம்பக்கூடாது என்றால் எதை நம்புவது?

ஆணின் இனப்பெருக்க உறுப்பை. சிலந்தி ஆணுக்கு ஆண்குறி கிடையாது, உணர்கையால் விந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். நெடுங்காலிகளில் பெரும்பாலானவற்றுக்கு உண்டு. அதன் நுனியில் உள்ள தகடும் மயிர்களும் இனத்துக்கு இனம் வேறுபடும், ஒரே இனத்துக்குள் பெரிதாக மாறாது. பூட்டுக்குச் சாவி போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் ஆண் கிடைக்காமல் பெண் மட்டும் கிடைத்தால் பல சமயம் குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். இப்போது மரபணுவும் சேர்ந்துகொண்டது.

கேள்வி (டர்பன்): என் மனைவி யாழ்ப்பாணத்துக்காரர். இலங்கையிலும் நம் நெடுங்காலிகளுக்குச் சொந்தம் உண்டு என்று நீங்கள் நடையின்போது சொன்னதை விளக்க முடியுமா?

தாராளமாக. இங்கேதான் அந்த நான்காவது பிரிவு, சைஃபோஃப்தால்மி, வருகிறது. கால் குட்டை, உடம்பு பெரும்பாலும் 2, 3 மில்லிமீட்டர். நெடுங்காலி என்ற என் பெயருக்கு இவை பொருந்தவே பொருந்தாது, உண்ணி மாதிரி இருக்கும். சிலவற்றுக்குக் கண்ணும் இல்லை. ஈரமான இலைக்குப்பைக்குள்ளேயே பிறந்து அங்கேயே சாகும். வெயில் பட்டால் காய்ந்துபோகும். பறக்காது, நூல் விட்டுக் காற்றில் மிதக்காது, கடல் தாண்டாது.

இலங்கையில் இருந்து 1875-இல் ஒன்றை விவரித்தார்கள். இன்று அதன் பெயர் பெட்டாலுஸ் சிமிசிஃபார்மிஸ், அதாவது மூட்டைப்பூச்சி உருவம் கொண்டது. 1904-இல் கேப் டவுன் பக்கத்தில் இருந்து பர்செல்லியா இல்லுஸ்ட்ரான்ஸ் என்ற இனம் விவரிக்கப்பட்டது. அங்கே அருங்காட்சியகத்தில் சிலந்தி ஆராய்ந்த பர்செல் என்பவரின் பெயரில். நம் நட்டால் காடுகளில் இருப்பது பாராபர்செல்லியா. இவை எல்லாம் பெட்டாலிடே என்ற ஒரே குடும்பம். குடும்பத்தின் பெயரே இலங்கைப் பேரினத்தில் இருந்து வந்ததுதான். அந்தக் குடும்பம் வேறு எங்கே இருக்கிறது? மடகாஸ்கர், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிலி. ஒரு காலத்தில் கோண்டுவானா என்ற ஒரே நிலமாக ஒட்டிக் கிடந்த துண்டுகள் இவை.

நம் முன்னோர் 1860-இல் ட்ரூரோ கப்பலில் மதராசில் இருந்து கடல் தாண்டி வந்தார்கள். இந்தப் பூச்சி எந்தக் கப்பலிலும் ஏறவில்லை. அது தன் இலைக்குப்பையிலேயே இருந்தது, அதற்கு அடியில் நிலம் பிரிந்து போனது. உங்கள் மனைவியின் நாட்டில் உள்ள மழைக்காட்டிலும் உங்கள் மாகாணத்துக் காட்டிலும் அந்த ஒரே வீட்டுப் பிள்ளைகள் இன்னும் இருக்கின்றன. வகைப்பாடு என்றால் பெயர்ச்சீட்டு ஒட்டுவது என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன். உறவை ஒழுங்காகக் கண்டுபிடித்தால் கண்டங்களின் கதையே அதில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்க நெடுங்காலிகளுக்கு அடித்தளம் போட்டவர் ரெஜினால்ட் லாரன்ஸ். 1931-இல் இந்த நாட்டு இனங்களைத் தொகுத்து எழுதினார். அதில் மேசை மலையின் குகையில் வாழும் ஒரு சைஃபோஃப்தால்மியும் உண்டு. பிறகு பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் நட்டால் அருங்காட்சியகத்துக்கு இயக்குநராக வந்தார். நம் ஊர்த் தெருவில் நடந்த மனிதர். பள்ளிப் பாடத்தில் அவர் பெயர் வராதது எனக்கு வருத்தம்தான்.

கேள்வி (வெருலம்): எவ்வளவு பழைய உயிர் இது?

ஸ்காட்லாந்தின் ரைனி பாறையில் சுமார் 41 கோடி வருஷத்துக்கு முந்திய நெடுங்காலி கிடைத்திருக்கிறது, டைனோசர்களுக்கு வெகு முன்பே. பர்மாவின் அம்பர் பிசினிலும் சிக்கியிருக்கின்றன, அவை சுமார் 10 கோடி வருஷம் பழையவை. 2014-இல் பிரான்சில் கிடைத்த ஒரு புதைபடிவத்துக்கு நான்கு கண் இருந்ததாகக் காட்டினார்கள். அதற்குப் பிறகு, 2024-இல், இன்று வாழும் ஃபாலாங்கியம் ஓப்பிலியோ என்ற நெடுங்காலியின் உள்ளேயே கூடுதல் கண்களின் மிச்சம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். வெளியில் இரண்டு கண், உள்ளே பழைய கண்களின் தடம்!

கேள்வி (உம்சிண்டோ): தொட்ட பிறகு கையில் ஒரு நாற்றம் வந்தது. ஆபத்தா?

ஆபத்து இல்லை, சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கண்ணைக் கசக்காதீர்கள். உடம்பின் முன்பாகத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நாற்றச் சுரப்பி உண்டு, அது எதிரியை விரட்டும். உருகுவேயில் ஒரு நெடுங்காலியின் இந்தச் சுரப்பில் இருந்து கிருமியைக் கொல்லும் பொருள் ஒன்றை 1950-களிலேயே பிரித்தெடுத்தார்கள்.

கேள்வி (பீட்டர்மரிட்ஸ்பர்க்): என் மகளுக்கு இதில் ஆர்வம் வந்துவிட்டது. எங்கிருந்து ஆரம்பிப்பது டீச்சர்?

வீட்டுப் பின்புறத்தில் இருந்து. மாமரத்துக்கு அடியில் ஈரமான இலைக்குப்பையை ஒரு சல்லடையில் அள்ளி, வெள்ளைத் துணி மேல் தட்டச் சொல்லுங்கள். இரண்டு நிமிஷம் பேசாமல் பார்க்க வேண்டும். முதலில் எல்லாம் மண்ணாகத் தெரியும், அப்புறம் மண் நடக்க ஆரம்பிக்கும். இரவில் டார்ச்சோடு மரப்பட்டையையும் பாருங்கள். படம் எடுத்து ஐநாச்சுரலிஸ்ட் என்ற இணையதளத்தில் போடலாம், உயிர்களை அடையாளம் காண அங்கே மற்றவர்கள் உதவுவார்கள். முதுகு மேலிருந்து ஒன்று, கண் மேடு பக்கவாட்டில் ஒன்று, உணர்கை ஒன்று, இந்த மூன்றும் இருந்தால் பார்ப்பவர்களுக்கு வசதி. வனக் காப்பகங்களில் பார்க்கலாம், அனுமதி இல்லாமல் ஒன்றைக்கூட எடுத்து வரக்கூடாது. புரட்டிய கட்டையை இருந்தபடியே திரும்ப வைக்கவும் பழக்குங்கள், அது ஒரு வீட்டின் கூரை.

பெரியவளாகி அனுமதியோடு சேகரிக்கும் நாள் வந்தால், சீட்டு எழுதும் பழக்கத்தை முதலில் கற்றுக்கொடுங்கள். எடுத்த இடம், தேதி, உயரம், எடுத்தவர் பெயர், எல்லாம் பென்சிலில், கெட்டித் தாளில், குப்பிக்கு உள்ளேயே. நான் உதவிக்குப் போன ஒரு சேகரிப்பில் பழைய ஐஸ்கிரீம் டப்பா நிறையக் குப்பிகள் என்னிடம் வந்தன. யாரோ பந்துமுனைப் பேனாவில் எழுதியிருக்கிறார்கள். பிராணி கெடாமல் இருக்கக் குப்பியில் ஊற்றும் சாராயத்தில் மை கரைந்து, சீட்டெல்லாம் வெறும் நீலக் கறை. ஒரு குப்பியில் அழகான ஆண் பாராபர்செல்லியா, கால் ஒன்றுகூட உடையவில்லை. எந்தக் காட்டில் எடுத்தது என்று தெரியாமல் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை. அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

அடுத்த நடைக்கு மகளையும் கூட்டி வாருங்கள். என்னிடம் லென்ஸ் ஒன்று கூடுதலாக இருக்கிறது, பென்சிலும் கொண்டுவருகிறேன்.