சேமித்த விதையில் சத்து குறைந்தது ஏன்?

புரதத் தரம் கூடிய மக்காச்சோளத்தில் விதை எடுத்து மறுபோகம் போட்டதும், பரிசோதனையில் லைசின் என்ற புரதக்கூறு (அமினோ அமிலம்) சாதாரண ரகத்தின் அளவுக்கு இறங்கிவிட்டது என்கிறீர்கள். பக்கத்தில் சாதாரண மக்காச்சோளம் இருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த மகரந்தம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

இந்தச் சத்து ஓபேக்-2 என்ற ஒடுங்கு மரபணுவால் வருவது. தாய், தந்தை இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் லைசினும், டிரிப்டோஃபேன் என்ற இன்னொரு அமினோ அமிலமும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். வேறு ரகத்தின் மகரந்தம் விழுந்த மணி, அதே கதிரிலேயே சாதாரண மணியாகிவிடும்.

1960-களில் இதன் அருமை தெரிந்தபோது மணி மாவாக உதிர்ந்தது, பூச்சியும் எளிதாக விழுந்தது. மெக்சிகோவில் விஞ்ஞானிகள் சுரிந்தர் வசலும் எவாஞ்சலினா வில்லேகாஸும் பல ஆண்டுகள் உழைத்து அதைக் கெட்டி மணியாக்கினார்கள். 2000-இல் உலக உணவுப் பரிசு பெற்றார்கள். அந்த உழைப்பு வரப்போரத்தில் வீணாகக் கூடாது.

சரி, இனி என்ன செய்யலாம்? சேமித்ததை உணவுக்கு வைத்துக்கொண்டு, புது விதை வாங்குங்கள். 200 மீட்டராவது இடைவெளி விடுங்கள். முடியாவிட்டால் மூன்று நான்கு வாரம் தள்ளி விதையுங்கள். விதைக் கதிரை வயலின் நடுவிலிருந்தே எடுங்கள். அப்புறம், கண்ணாடிக்கு அடியில் விளக்கு வைத்து மணிகளைப் பரப்பிப் பாருங்கள்: முழுக்க ஒளி ஊடுருவும் மணிகள் வேறு மகரந்தம் விழுந்தவையாக இருக்கலாம், அவற்றை ஒதுக்கிவிடுங்கள்.