கருப்பை வாய் பயாப்ஸியில் டிடிஎஃப்-1 பாசிட்டிவ் என்றால், புற்றுநோய் நுரையீரலிலிருந்து பரவியது என்று பொருளா?

அந்த ஒரு வரியை வைத்து அப்படி முடிவுகட்ட முடியாது. வீட்டில் யாருக்கோ வந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். டிடிஎஃப்-1 என்பது திசுவில் சாயமேற்றிப் பார்க்கும் ஒரு புரத அடையாளம் (மார்க்கர்). அதைத் தேடினால் நுரையீரல் என்றுதான் வரும். ஆனால் கருப்பை வாயிலேயே தோன்றும் சிறுசெல் நியூரோஎண்டோகிரைன் (நரம்பு, ஹார்மோன் செல்களின் தன்மை கொண்ட) புற்றுநோயிலும் அது பாசிட்டிவாக வருவதுண்டு.

நான் நோயியல் மருத்துவர். இதே சிக்கல் என் மேசைக்கும் வந்தது. துணுக்குத் திசு, அதிலும் பெரும்பகுதி நசுங்கிப்போயிருந்தது. நசுங்காத ஒரு மூலையில் மட்டும் செல்கள் தெளிவாகத் தெரிந்தன: சைட்டோபிளாசம் இருப்பதே தெரியாத அளவு குறைவு, உட்கருக்கள் ஒன்றையொன்று நெருக்கி வளைந்திருந்தன, திரும்பிய பக்கமெல்லாம் செல் பிரிவு. நியூரோஎண்டோகிரைன் மார்க்கர்களான சினாப்டோஃபைசினும் சிடி56-உம் பாசிட்டிவ். டிடிஎஃப்-1 அழுத்தமாகவே ஏறியிருந்தது.

"நுரையீரல் என்று எழுதிவிடுங்களேன்" என்றார் தொலைபேசியில் அறுவை மருத்துவர். கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்பிவி வைரஸால் கூடும் புரதமான பி16 பாசிட்டிவ், எனவே கருப்பை வாய்தான் என்றார் என் இளநிலை மருத்துவர். இரண்டையும் நான் ஏற்கவில்லை. ஆர்பி என்ற, கட்டி வளர்ச்சியைத் தடுக்கும் மரபணு செயலிழந்த நுரையீரல் சிறுசெல் புற்றுநோயிலும் பி16 பாசிட்டிவாகத்தான் இருக்கும். திசுவிலேயே ஹெச்பிவி பார்க்கச் சொன்னேன். 18-ஆம் வகை கிடைத்தது. மார்பு ஸ்கேனிலும் கட்டி இல்லை. தோன்றிய இடம் கருப்பை வாய் என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

மார்க்கர்கள் நெகட்டிவாக இருந்தாலும் வடிவத்தை வைத்தே சிறுசெல் என்று சொல்லலாம் என்பது எனக்கும் தெரியும். யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இங்கே கேள்வி, எங்கிருந்து வந்தது என்பது.

அந்த நோயாளியின் கோப்பில் பின்னர் எழுதப்பட்டது, "ஆய்வகத் தாமதம்". எங்களுக்கு வந்த விண்ணப்பப் படிவத்தில் வயதுகூட இல்லை, "செர்விக்ஸ் பயாப்ஸி" என்று கிறுக்கியதோடு சரி. மார்பு ஸ்கேன் அதற்கு முன்பே எடுக்கப்பட்டு வார்டில் கிடந்தது! அதை ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சம். நோயாளியின் முகம் பார்க்காதவர்கள் என்பதால் பழி எங்கள் தலையில் விழுவது சுலபம்.

உங்கள் மருத்துவரிடம் மார்பு ஸ்கேன் முடிவையும், திசுவில் ஹெச்பிவி பார்த்தார்களா என்பதையும் கேளுங்கள். வேகமாகப் பரவும் வகை, நாள் கடத்தாதீர்கள். இரண்டாம் கருத்துக்குப் போனால் ஸ்லைடுகளோடு, திசுவை மெழுகில் பதித்து வைத்த பாரஃபின் பிளாக்கையும் வாங்கிச் செல்லுங்கள். புதிய சோதனைகளுக்கு அதிலிருந்துதான் திசு வெட்ட வேண்டும்.